நாற்பத்தைந்து அங்குலம்

அந்தப் படம் வந்தபோது நான் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் இருந்தேன். மதிய இடைவேளை. கறுத்த ரொட்டியின் மேல் மாசிக் கருவாட்டுச் சம்பலைப் பூசிச் சாப்பிடுவது என் வழக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவது அவர்கள் வழக்கம்.

படத்தில் என் மகள் இல்லை. பனி இருந்தது. ஒடிந்து தொங்கும் மரக்கிளை ஒன்று இருந்தது. அவளுடைய பனி ஸ்கூட்டரின் மூக்கும், அதன் கீழே முன்பக்கத்துச் சறுக்குப் பலகைகள் இரண்டும் தெரிந்தன. ஒரு பலகையின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு, குறுக்கே ஒரு மஞ்சள் அளவு நாடா இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தது. ஒரு முனையை யாரோ ஒருவரின் சிவப்புக் கையுறை பிடித்திருந்தது. மறுமுனையை ஒரு துணிக்கவ்வி கவ்வியிருந்தது.

நாடா என்னுடையது. தையற்காரியாக இருந்த காலத்தில் வாங்கியது. அது நாற்பத்தைந்து அங்குலம் காட்டியது.

மகள் கேட்டது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு என்றுதான் நானும் சொல்லியிருந்தேன்.

முதல்நாள் பின்னேரமே அவள் விழுந்ததும் வலது காறை எலும்பு முறிந்ததும் எங்களுக்குத் தெரியும். எப்படி விழுந்தாள் என்பது அந்த நாடாவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மீதி ரொட்டியைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

பனியில்லாத ஊரில் பனி வண்டி

கிழமைதோறும் வரும் இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மன்னாரில் பிறந்து, கலியாணம் முடித்து, டென்மார்க்கின் இக்காஸ்டுக்கு வந்தவள். வந்ததும் தையல் தொழிற்சாலையில் வேலை. தையல் வேலை எல்லாம் வேறு நாடுகளுக்குப் போன பிறகு, கொம்யூன் என்கிற நகரசபைக்காரர்கள் என்னை ஒரு வெல்டிங் வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். துணியைப் பொருத்தியவளுக்கு இரும்பைப் பொருத்துவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து விவசாயிகளுக்கான இழுவைப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன்.

மகள் டிலானி ஒரே பிள்ளை. ஓல்போர்க்கில் தாதிப் படிப்பு முடித்தாள். அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும், சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள், நான் கறி சமைத்துக் கட்டிக் கொடுப்பேன் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் சுவீடனின் மலைநாட்டில் ஒரு கிராமத்துக்கு, வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்குப் போனாள். ஒரு பனிக்காலத்துக்கு மட்டும் என்றாள். அடுத்த பனிக்காலத்துக்கும் அங்கேயே இருந்தாள்.

அவள் வாடகைக்கு எடுத்த மரவீடு, வீதி முடிந்த பிறகு இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பனிக்காலத்தில் அந்தத் துண்டுக்குப் பனி அள்ளும் வாகனம் வராது. பனி ஸ்கூட்டரில்தான் போகவேண்டும். பாதை மலையின் விலாவில் குறுக்காகப் போகிறது. ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். அவள் வாங்கிய பழைய வண்டியோ உறைந்த ஏரிகளிலும் சமமான பாதைகளிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது.

அந்த வண்டியை என் கணவர் அன்ரன் ஒரு வசந்தத்தில் ட்ரெய்லரில் கட்டி இக்காஸ்டுக்கு இழுத்து வந்தார். எங்கள் கராஜின் வாசலில் அதை இறக்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். இந்த வருடம் பனி அதிகம் என்று வானிலைக்காரர்கள் ஏதும் சொன்னார்களா என்று கேட்டார். டேனிஷ்காரர்கள் பகிடி விடும்போது முகத்தில் ஒரு தசையும் அசையாது. பதில் சொல்வதா சிரிப்பதா என்று முடிவு செய்வதற்குள் போய்விடுவார்கள்.

கேட்டது

கோடை விடுமுறையில் டிலானி வந்தாள். கராஜில் வண்டியின் மூக்கில் இரண்டு கைகளையும் ஊன்றி அமுக்கிக் காட்டினாள். அவள் என்னோடு டேனிஷில்தான் பேசுவாள். நான் தமிழில் பதில் சொல்வேன். டேனிஷில் நீ, நீர், நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. இங்கே நான் அவள் பேச்சைத் தமிழில் எழுதும்போது அவள் கொஞ்சம் கூடுதல் மரியாதைக்காரியாகத் தெரியக்கூடும். நம்ப வேண்டாம்.

"முன்பக்கம் அகலம் அதிகம், அம்மா. பலகைகள் இரண்டுக்கும் இடையில் இப்போது நாற்பத்திரண்டு அங்குலம். அதை முப்பத்தெட்டாகக் குறைக்க வேண்டும். இந்தக் குறுக்குக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பிரிங்குகளை இளக்க வேண்டும்."

அவள் சொன்ன குறுக்குக் கம்பி, இடது பலகையையும் வலது பலகையையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது. ஒரு பக்கம் மேலே எழும்பினால் மற்றப் பக்கத்தையும் கூடவே இழுத்து, வண்டியைச் சாயவிடாமல் வைத்திருக்கும்.

"அதைக் கழட்டினா வண்டி பிரண்டு போமெல்லே, பிள்ளை?"

"சாய வேண்டும், அம்மா. அதுதான் எனக்கு வேண்டும். சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டியை மலைப்பக்கம் சாய்த்து, மேற்பக்கத்துப் பலகையின் விளிம்பில் நிறுத்தித்தான் ஓட்ட முடியும். சாயாத வண்டி சறுக்கிக் கீழே போய்விடும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அங்கே எல்லோருக்கும் தெரியும்."

நான் தலையாட்டினேன். குறித்தும் வைத்துக்கொண்டேன். கராஜ் சுவரில் சோக்கட்டியால் 38 என்று எழுதியது இன்றும் அழியாமல் இருக்கிறது.

இரண்டு தட்டையான நாடுகள்

மன்னார் தீவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே உயரமானது என்று சொல்லப் பனையும் கோயில் கோபுரமும்தான். அங்கிருந்து டென்மார்க்குக்கு வந்தேன். இங்கே வானமலை என்ற பெயரில் ஒரு மேடு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போவார்கள். அன்ரன் முதல் தடவை அதில் ஏறி முடித்துவிட்டு மலை எங்கே என்று ஒரு டேனிஷ்காரரிடம் கேட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களோடு பேசவில்லை.

தட்டையான இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரே ஒரு ஞானம் உண்டு. அகலமானது விழாது. ஒடுக்கமானது விழும். மன்னாரில் ஓட்டோ பிரளும், லொறி பிரளாது. என் தொழிற்சாலையிலும் இதைத்தான் சொல்வார்கள். அச்சு அகலமாயிருந்தால் வைக்கோல் ஏற்றிய பெட்டி வளைவில் கவிழாது.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் பிரீபனிடம் கேட்டேன். நாற்பது வருடம் இரும்போடு கிடந்த மனிதர். மகள் கேட்டதைச் சொன்னதும் காதடைப்பானைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

"மலைக்கா? அப்படியென்றால் இன்னும் அகலமாக்கு. ஸ்பிரிங்கை இறுக்கு" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். இரண்டு தட்டை நாட்டுக்காரர் சேர்ந்து, இருவரும் கண்டிராத ஒரு மலைக்கு வண்டி வடிவமைத்தோம்.

உண்மையைச் சொன்னால் பிரீபன் ஒரு சாட்டு. கேட்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். பிள்ளைக்கு என்ன தெரியும், நேற்றுப் போனவள் என்பதுதான் என் நினைப்பு.

கீழ்மடிப்பு

தைக்கத் தெரிந்த எங்கள் தாய்மார் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்கு அளவெடுப்போம். அந்த அளவில் தைக்கமாட்டோம். வளருகிற பிள்ளை என்று இரண்டங்குலம் கூட்டுவோம், கீழ்மடிப்புக்குள் இன்னொரு இரண்டங்குலத்தை ஒளித்து வைப்போம். டிலானி கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளுக்கான சட்டையை அப்படித்தான் தைத்தேன். அன்று எடுத்த படத்தில் அந்தச் சட்டைக்குள் அவள் முகம் மட்டும் தெரியும். இரண்டாம் தடவை அவள் அதைப் போட்டதே இல்லை. மடித்து வைத்த துணி மடித்தபடி அலுமாரியில் இருக்கிறது.

அதே கையால்தான் வண்டியையும் அளந்தேன். வண்டியின் உடம்பையும் சறுக்குப் பலகையையும் இணைக்கும் குழாய்களுக்குக் கைகள் என்று பெயர். பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நல்ல உருக்குக் குழாயில் நான்கையும் புதிதாகச் செய்தேன். கைகள் நீண்டால், திருப்புகிற தண்டுகளையும் அதற்கேற்ப நீட்டவேண்டும். இல்லாவிட்டால் குழியில் விழும்போது பலகைகள் தாங்களாகவே திரும்பிவிடும். அதையும் செய்தேன். குறுக்குக் கம்பியைத் தடிப்பானதாக மாற்றினேன்; மூக்கு மூடியைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். ஸ்பிரிங்குகளை இறுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் வெல்டிங் செய்ததில்லை. தையல் ஊசி ஓடிய மாதிரி ஒரே சீராக இருந்தது. கடைசியில் எங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதாவின் சின்னப் படமொன்றைக் காற்றுத் தடுப்பின் உட்பக்கத்தில் ஒட்டினேன்.

அன்ரன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். நாற்பத்தைந்து.

"பிள்ளை கேட்டது வேறை எல்லே?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ. இப்ப பாருங்கோ எவ்வளவு வடிவா நிக்குதெண்டு."

"நிக்குது. இஞ்ச நிக்குது" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

இலையுதிர் காலத்தின் முடிவில் அவர் வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இழுப்பறையில் கிடந்த என் பழைய நாடாவையும், வீட்டுக்குத் திரை தைக்க அளவெடுக்கட்டும் என்று கொடுத்து அனுப்பினேன். நல்ல காரியம் செய்தேன்.

அன்று டிலானி தொலைபேசியில் கேட்டாள். "முப்பத்தெட்டா, அம்மா?"

"ஓம்" என்றேன்.

அவள் அளந்து பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அம்மா அளந்தால் அளந்ததுதான் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். பனி விழுந்த பிறகு, வண்டி சரிவில் சாய மறுக்கிறது, தன் கைகள் நோகின்றன என்றாள். பழகிவிடும் என்று சொன்னேன். "ஒருவேளை எனக்குத்தான் இன்னும் ஓட்டப் பழகவில்லை போல" என்றாள்.

இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. என் அளவைச் சந்தேகிக்காமல் அவள் தன் கையைச் சந்தேகித்தாள். அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை.

தமிழில் வந்த அழைப்பு

படம் வந்த அன்று, வேலை முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது அவள் அழைத்தாள். தமிழில் பேசினாள். கார்ச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"அம்மா, எவ்வளவு எண்டு சொன்னனீங்கள்?"

"முப்பத்தெட்டு."

"எவ்வளவு இருக்கு?"

"நாப்பத்தைஞ்சு."

"தெரிஞ்சுதான் செய்தனீங்களோ?"

"ஓம்."

அங்கே யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். வேலைக்குப் போகும் வழியில், சரிவின் நடுப்பகுதியில், வண்டியை மலைப்பக்கம் சாய்க்கப் பார்த்தாள். அது அசையவில்லை. மேற்பக்கத்துப் பலகையைச் சரிவு தூக்கியது, அகலமான வண்டி அப்படியே கீழ்ப்பக்கம் சறுக்கி மரங்களுக்குள் போனது. பக்கத்து வீட்டு ஊல்லா, எழுபது வயது மனுசி, தன் வண்டியில் வந்து அவளை ஏற்றிப் போனாள். படத்தில் இருந்த சிவப்புக் கையுறை அவளுடையது. டிலானியின் வண்டியைப் பார்த்ததுமே ஊல்லாதான், இதை யார் உனக்கு இவ்வளவு அகலமாகச் செய்தது என்று கேட்டிருக்கிறாள்.

"விழக்கூடாதெண்டுதான் அப்பிடிச் செய்தனான், பிள்ளை."

"நான் விழேல்லை அம்மா. வண்டி சாயாததாலைதான் கீழ போனது. நான் உங்களிட்டைக் கேட்டது எனக்குத் தெரிஞ்ச விசயம். ஏன் எனக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் இருக்கவில்லை. அவள் அங்கேயே தங்கிவிடுவதை என் மனம் ஏற்கவில்லை. அங்கே அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பனி உருகுவதற்குள் கையெழுத்துப் போடவேண்டும். எலும்பு முறிந்த செய்தி வந்தபோது முதலில் பயந்தேன். அழுதேன். அதற்குப் பிறகு, இனி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனதின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. பெற்ற தாய். இதை எழுதாமல் விட்டால் நான் கிழமைக் கிழமை இந்தப் பக்கத்தை நிரப்புவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

"நான் வந்து மாத்தித் தாறன்" என்று மட்டும் சொன்னேன்.

"எலும்பு பொருந்தட்டும். பிறகு வாங்கோ" என்றாள்.

சரிவு

நான்கு கைகளையும் மறுபடி செய்தேன். இந்தத் தடவை பிரீபனிடம் கேட்கவில்லை. அவராக வந்து எட்டிப் பார்த்து, இது ஒடுக்கமாக இருக்கிறதே என்றார். ஓம் என்றேன்.

பெப்ரவரி முடிகிற நேரம் அன்ரனும் நானும் கப்பலில் காரை ஏற்றிக் கோத்தன்பேர்க்கில் இறங்கி, வடக்கே ஓடினோம். ஓட ஓட வீதியின் இரண்டு பக்கமும் பனி உயர்ந்துகொண்டே வந்தது. டிலானி வீதி முடியும் இடத்தில் ஊல்லாவின் கொட்டகைக்கு முன்னால் நின்றாள். தோளில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கட்டிப்பிடித்தாள், ஆனால் இடது பக்கத்தால் மட்டும். அது எலும்புக்காகவா எனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

கொட்டகைக்குள் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. அன்ரன் ஸ்பானர்களை எடுத்துத் தந்தார். நீண்ட கைகளைக் கழற்றி, குறுகியவற்றைப் பூட்டினேன். தண்டுகளையும் அதே அளவுக்குக் குறுக்கினேன். குறுக்குக் கம்பியைக் கழற்றி மூலையில் சாத்தினேன். ஸ்பிரிங்குகளை அவள் சொன்ன அளவுக்கு இளக்கினேன். டிலானி ஒரு பெட்டியின் மேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊல்லா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நல்ல மனுசி.

"முடிஞ்சுது" என்றேன்.

டிலானி எழுந்து, சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தாள். என்னிடம் முனையைத் தரவில்லை. அன்ரனிடம் கொடுத்தாள். இடது பலகையின் நடுவிலிருந்து வலது பலகையின் நடுவுக்கு இழுத்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு பலகைகளின் பின்முனையில் இன்னொரு தடவை அளந்தாள்.

அளக்காமல் ஏறியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அளந்ததுதான் சரி. எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பியைக் குடித்தேன், அது ஆறிப்போயிருந்தது.

"முப்பத்தெட்டு" என்றாள்.

மடு மாதாவின் படத்தை அவள் கழற்றாமல் விட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பாதையின் தொடக்கத்தில் நானும் அன்ரனும் நின்றோம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சரிவில் நின்றேன். ஒரு கால் உயரத்தில், மறுகால் பள்ளத்தில். சும்மா நிற்பதற்கே உடம்பு தானாக மலைப்பக்கம் சாய்கிறது. சாயாவிட்டால் விழுவேன். இதை ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் போதும், எனக்குத் தெரிந்திருக்கும்.

டிலானி சரிவுக்குள் நுழைந்ததும், இரண்டு கால்களையும் மலைப்பக்கத்துப் படியில் வைத்து எழுந்து நின்று, வண்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அது சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. கீழ்ப்பக்கத்துப் பலகை பனியை விட்டு எழும்பி அந்தரத்தில் தொங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன நடக்குது?" என்று அன்ரனைக் கேட்டேன்.

"போறாள்."

"விழுந்திட்டாளே?"

"இல்லை. போறாள். நீர் கண்ணைத் திறவும்."

திறந்தபோது அவள் மறுகரையில் இருந்தாள். சரிவில் கத்தியால் கீறியது போல ஒற்றைக் கோடு ஒன்று போயிருந்தது. அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். முறிந்த பக்கத்துக் கை. பிறகு வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

அந்தப் பயணத்திலேயே நிரந்தர வேலைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். சமையலறை மேசையில், எங்கள் முன்னால். நான் பேனையைத் தேடிக் கொடுத்தேன்.

புறப்படும்போது நாடாவைத் திருப்பித் தருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைச் சுருட்டி மறுபடி பைக்குள் வைத்தாள்.

"இது இஞ்சை இருக்கட்டும் அம்மா."

எனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். அவள் சொன்ன அளவை அதால் அளந்து வெட்டி, போன மாதம் அவளுடைய சமையலறை யன்னலுக்குத் திரை தைத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. திரை யன்னலில் தொங்கியது, பக்கத்தில் பழைய நாடா தொங்கியது. கீழே டேனிஷில் ஒரு வார்த்தை. சரியாக இருக்கிறதாம்.

சரியாகத்தான் இருக்கும். கீழ்மடிப்பில் நான் ஒரு நூலளவுகூடக் கூட்டி வைக்கவில்லை.